தரைக்கு வந்த மேகம்

தில்லி, பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம், பீகார் முதலிய பகுதிகளில் குடியேறி வாழும் நம்மவர்க்கு மார்கழியும் தையும் மூடுபனியின் மாதங்களாகும். பொங்கலுக்கு ஊர் செல்ல முன்பதிவு செய்த ரயில் பல மணி நேரம் தாமதமாகிறது. விமானம் இறங்க வழியின்றி வேறு நகருக்குச் செல்கிறது. இவற்றினும் கொடிதாக, நெடுஞ்சாலைகளில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மோதி உயிர்ச்சேதம் நேர்கிறது. இத்துணைத் தொல்லை தரும் மூடுபனி யாது? அதன் வருகையை நாம் முன்னரே உணர இயலுமா? சிறிது ஆராய்வோம்.

மேகம் வேறு, மூடுபனி வேறு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் இரண்டும் ஒன்றே. வானில் மிதந்தால் மேகம். தரையைத் தொட்டால் மூடுபனி. கோடைக்கானல் மலைச்சாலையில் நம்மைச் சூழ்ந்துகொள்ளும் வெண்திரை, அடிவாரத்தில் நிற்பவர் கண்ணுக்கு மலைமீது தங்கிய மேகமாகவே தோன்றும்.

காற்றில் கண்ணுக்குப் புலனாகாத நீராவி எப்போதும் கலந்துள்ளது. காற்று குளிரக் குளிர, அதில் நீராவி ஆவியாகவே நிற்கும் அளவு குறைகிறது. எஞ்சியது நுண்துளிகளாக மாறுகிறது. துளி தோன்ற ஒரு பற்றுக்கோடும் வேண்டும். தூசி, புகை, கடலுப்பு ஆகியவற்றின் துகள்கள் அதற்கு உதவுகின்றன. மேகத்துளியின் குறுக்களவு பெரும்பாலும் மில்லிமீட்டரில் 100-இல் ஒரு பங்கு அல்லது இரு பங்கே. ஏறத்தாழ 10 லட்சம் துளிகள் கூடினால்தான் ஒரு மழைத்துளி உண்டாகும்!

மேகங்களுக்கு முறையாகப் பெயரிட்டவர் லண்டனைச் சேர்ந்த லூக் ஹோவர்டு. மருந்துப் பொருள் தயாரிப்பைத் தொழிலாகக் கொண்ட அவர், 1802-இல் ஆற்றிய சொற்பொழிவில் மேகங்களை வகைப்படுத்திக் காட்டினார். பறவை இறகுபோல் உயரத்தில் படர்வது கீற்று முகில். பஞ்சுப் பொதிபோல் குவிவது திரள் முகில். போர்வைபோல் பரவுவது படை முகில். மழை பொழிவது கார்முகில். இன்று உலக வானிலை அமைப்பு மேகங்களைப் பத்துப் பேரினங்களாகப் பிரித்திருப்பினும், அதற்கு அடிப்படை ஹோவர்டின் பகுப்பே. மூடுபனி தரையில் படிந்த படை முகில் எனலாம்.

குளிர்காலத்தில் வடநாட்டு வானம் நமக்கு ஒரு வரிசையில் செய்தி சொல்கிறது. மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தக் கலக்கம் நெருங்குகையில், முதலில் கீற்று முகில்கள் தோன்றும். பின்னர் வானம் சாம்பல் நிறப் படலத்தால் மூடப்படும். சிறுமழை பெய்வதும் உண்டு. கலக்கம் கிழக்கே கடந்தபின் வானம் தெளியும். ‘இனிக் கவலையில்லை’ என்று நாம் மகிழும் அவ்வேளையே கவனிக்க வேண்டிய வேளை. வானத்து மேகம் போர்வைபோல் தரையின் வெப்பத்தைக் காத்து நிற்பது. அப்போர்வை நீங்கியதும், நீண்ட இரவில் தரை தன் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. அதனை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. மழையாலும் கோதுமை வயல்களின் பாசனத்தாலும் நிலத்தில் ஈரம் நிறைந்திருக்கிறது. காற்றும் அடங்கிவிட்டால், விடியுமுன் மூடுபனி எழுகிறது.

தெளிந்த வானம், அடங்கிய காற்று, ஈர நிலம், நீண்ட இரவு ஆகிய நான்கும் கூடும் மாலையில், மறுநாட் காலைப் பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை.

புகையும் இதற்குத் துணைபோகிறது. துகள்கள் பெருகினால் துளிகளும் பெருகிப் பார்வையை மேலும் மறைக்கும். 2018-ஆம் ஆண்டுப் போகியன்று, பழம்பொருள்களை எரித்த புகை பனியோடு கலந்ததால் சென்னையிலேயே விமானங்கள் தாமதமாயின. ஆகவே, குளிர்காக்கக் குப்பையையும் சருகையும் கொளுத்தும் வழக்கத்தை நாம் கைவிடுதல் நன்று.

மூடுபனியை அளக்க வீட்டிலுள்ள சிறுவர்களும் பழகலாம். மாடியிலிருந்து 50, 200, 500, 1,000 மீட்டர் தொலைவுகளில் உள்ள கம்பம், மரம், நீர்த்தொட்டி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளட்டும். கண்ணுக்குத் தெரியும் தொலைவு 1,000 மீட்டருக்குக் குறைந்தால் அது மூடுபனி. 200 மீட்டருக்குக் குறைந்தால் அடர்பனி. 50 மீட்டருக்கும் குறைந்தால் மிக அடர்ந்தது. முன்மாலை வானத்தையும் மறுநாட் காலைப் பார்வைத் தொலைவையும் ஒரு மாதம் குறிப்பேட்டில் எழுதிவந்தால், ஒன்றுக்கொன்று உள்ள தொடர்பு தானே விளங்கும்.

ரயில்வேயில் கைகாட்டிக்கு முன்னே தண்டவாளத்தில் எச்சரிக்கை வெடிகளை வைத்து, அவற்றின் ஓசையால் ஓட்டுநரை விழிப்பூட்டும் முறை நெடுங்காலமாக உண்டு. சாலையில் செல்லும் நமக்கோ அத்தகைய துணை இல்லை. தவிர்க்க முடியாத பயணமாயின் விளக்கொளியைத் தாழ்த்தி, மெல்லச் செல்ல வேண்டும். உயர்த்திய ஒளி துளிகளில் பட்டுச் சிதறி நம் கண்ணையே மறைக்கும். வண்டியைச் சாலை நடுவே நிறுத்தலாகாது.

கதிரவன் ஏறித் தரை சூடாகும்போது பெரும்பாலும் இத்திரை கரையும். சில நாள் மேலெழுந்து தாழ்ந்த மேகமாக நிற்கும். அதுவரை இரண்டொரு மணி நேரம் பொறுத்திருப்பதால் நமக்கு இழப்பில்லை. ஊரில் நம்மை எதிர்நோக்கியிருக்கும் பெற்றோர்க்கு நாம் விரைந்து வருவதினும் நலமாக வந்து சேர்வதே பெரிது.