கார்ட்லெஸ் லான் மோவர்: ஒரு சென்ட் புல்லுக்கு எவ்வளவு பேட்டரி?

வீட்டு முன்னாடி கொஞ்சம் கொரியன் புல் போட்டுட்டு, வெட்ட ஆள் கிடைக்காம இருக்கிறவங்களுக்கு இந்த எபிசோடு. மோவர் வாங்கலாமா? வாங்கலாம். எதை வாங்குவது என்பதுதான் கேள்வி, ஏன்னா விலையில் பெரிய பங்கு பேட்டரிக்குத்தான் போகுது.

கடையில் 18 வோல்ட் என்று ஒன்று, 20 வோல்ட் என்று ஒன்று இருக்கும். அந்த 20-ஐப் பார்த்து கூடக் காசு கொடுக்காதீங்க. இரண்டுக்குள்ளும் தொடராகக் கோர்த்த 5 லித்தியம் செல்கள்தான். செல்லுக்கு 3.6 வோல்ட் என்று கணக்குப் போட்டால் 18. ஃபுல் சார்ஜில் இருக்கும் வோல்டேஜை எழுதினால் 20. மார்க்கெட்டிங், அவ்வளவுதான்.

நிஜமா பார்க்க வேண்டியது வாட்-அவர். வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்க. 18 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் என்றால் 72 வாட்-அவர். வெட்டும்போது மோட்டார் 400 வாட் இழுக்குதுன்னு வைங்க, கிட்டத்தட்ட 11 நிமிஷம் ஓடும். கம்மியா தெரியுதா? ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். 33 சென்டிமீட்டர் அகலம் வெட்டுற மோவரை மெதுவாகத் தள்ளிட்டுப் போனாலும், திரும்புற நேரம் எல்லாம் சேர்த்து 7, 8 நிமிஷத்தில் முடிஞ்சிடும். ரெண்டு சென்ட்னா இது பத்தாது. 36 வோல்ட் பக்கம் போங்க.

ஆனா இந்தக் கணக்கு ஒழுங்கா வெட்டிட்டு வர்ற புல்லுக்கு. மழைக்கு அப்புறம் மூணு வாரம் விட்டுட்டு ஈரத்தோட வெட்டினால் மோட்டார் திணறும், கரண்ட் ஏறும், சார்ஜ் பாதியிலேயே போயிடும். ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீங்க. புல்லுக்கும் அதான் நல்லது.

வீட்டில் ஏற்கெனவே கார்ட்லெஸ் டிரில் இருந்தால், அதே பேட்டரி பொருந்துற மோவரா தேடுங்க. பேட்டரி இல்லாமல் வெறும் மெஷினை மட்டும் விற்கிறாங்க, நல்லா மிச்சமாகும். வெயிலில் வெட்டி முடித்ததும் சூடான பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீங்க, நிழலில் ஆறட்டும். அடியில் சிக்கின புல்லை எடுக்கணும்னா, பேட்டரியைக் கழட்டி வெளியே வைத்த பிறகுதான். சுவிட்ச் ஆஃப்ல இருக்குன்னு நம்பி விரலை விட்டுடாதீங்க.

இன்னொண்ணு. அரை சென்ட்தான், தரையும் சமமா இருக்குன்னா மோட்டாரே வேண்டாம். 1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் பேடன்ட் வாங்கின உருளை மோவர், ஆலையில் கம்பளித் துணியின் பிசிறை வெட்டுற மெஷினைப் பார்த்துச் செஞ்சது. அதே டிசைன் இன்னைக்கும் கையால் தள்ளுற மாடலா கிடைக்குது. கத்தரிக்கோல் மாதிரி வெட்டும், பெரிய சத்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தள்ளினாலும் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்க மாட்டார். நீளமா வளர்ந்துட்ட புல்லுக்கு மட்டும் இது சரிப்படாது.