பனி நாட்டில் ஒரு குடித்தனம்

இல்லறம் இருவர் நடத்துவதாயினும் எமது ஊரில் அதனைத் தாங்கி நிற்பவர் பலர். அடுப்பிற் பால் பொங்கினால் இறக்குவதற்கு மாமி இருக்கிறார். பிள்ளை அழுதால் தூக்குவதற்கு ஆச்சி இருக்கிறார். கணவன் மனைவியரிடையே சிறு பிணக்கு நேர்ந்தால் புத்தி கூறப் பெரியையா இருக்கிறார். மனக்குறையைச் சொல்லி ஆறுவதற்கு வேலிக்கு அப்பால் ஓர் அயலவள் இருக்கிறாள். இத்தனை பேர் தாங்கும் பந்தலை இரண்டே கால்களில் நிறுத்துவது எவ்வாறு? அன்னிய நாட்டிற் குடியேறும் தம்பதிகள் விடை காணவேண்டிய வினா இதுவே.

நோர்வே நாட்டை உதாரணமாகக் கொள்வோம். 1956 ஆம் ஆண்டில் அங்கு சென்ற அந்தோனி இராஜேந்திரம் அந்நாட்டிற் குடியேறிய முதற் தமிழராகக் கருதப்படுகிறார். பின்னர் அவரது முயற்சியால் எழுந்த சீநோர் நிறுவனத்தின் பெயரைக் காரைநகர் மக்கள் நன்கு அறிவர். 1980 களில் எம் இளைஞர் பலர் வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகளில் வேலைக்கமர்ந்தனர். அவர்களைக் கைப்பிடித்த பெண்கள் ஊரிலிருந்து ஒருவர் பின் ஒருவராய் அங்கு போய்ச் சேர்ந்தனர்.

அப்பெண்களை முதலில் வாட்டுவது குளிரென்றே நாம் எண்ணுவோம். குளிருக்குக் கம்பளி உண்டு, இருளுக்கு யாதுண்டு? வடக்கேயுள்ள துரொம்சோ நகரில் நவம்பர் மாதக் கடைசி தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேல் எழுவதில்லை. தெற்கேயுள்ள தலைநகர் ஒஸ்லோவிற்கூட மார்கழியிற் பகற்பொழுது ஏறக்குறைய 6 மணி நேரமே. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேர வெயிலிற் பழகிய எமக்கு இது உள்ளத்தையும் உடலையும் ஒருங்கே தாக்கும். கரிய தோலில் வைட்டமின் டி உண்டாவதற்கு வெயில் கூடுதலாக வேண்டும். ஆதலால் மாரிகாலத்தில் நோர்வீஜியர் அருந்தும் மீனெண்ணெய் எம்மவர்க்கும் ஏற்றதே. மரக்கறி உணவினர் வைத்தியரைக் கேட்டு மாத்திரை பெறலாம்.

உணவு வேளையும் மாறுகிறது. முற்பகல் 11 மணியளவிற் காகிதத்திற் சுற்றிய பாண் துண்டுகள். மாலை 4 அல்லது 5 மணிக்கே நாளின் பிரதான உணவு. ஞாயிற்றுக்கிழமைகளிற் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். சனிக்கிழமை மறந்த மிளகாய்த்தூளுக்குத் திங்கள் வரை காத்திருத்தல் வேண்டும்!

பழக்க வழக்கங்களிற் சில எமக்கு அன்னியமல்ல. வீட்டு வாசலிற் பாதணியைக் கழற்றும் வழக்கம் அங்கும் உண்டு. அயலவர் ஒருநாளிற் கூடி முற்றத்தையும் படிக்கட்டையும் துப்புரவு செய்வதை அவர்கள் "டுக்னாட்" என்பர்; நாம் சிரமதானம் என்போம். பஸ் வண்டியில் அருகிருந்தும் பேசாத நோர்வீஜியர், கையில் மண்வெட்டி ஏந்திய அன்று தாமாகவே பேசுவர். புதிதாய் வந்தோர் இந்நாளைத் தவறவிடலாகாது. ஆசிரியரையும் மேலதிகாரியையும் பெயர் சொல்லி அழைப்பது மட்டும் எம் நாவிற்கு எளிதில் வருவதில்லை. அது அங்கு மரியாதைக் குறைவன்று என்பதை உணரச் சில காலம் செல்லும்.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை மொழியே. ஆங்கிலம் கொண்டு கடையிற் சாமான் வாங்கலாம். பாடசாலைக் கூட்டத்தில் உள்ளத்தைத் திறக்கவியலாது. கணவன் தொழிற்சாலையில் நான்கு சொற்களையாவது கற்கிறான். வீட்டிலிருக்கும் மனைவியோ ஒவ்வொரு கடிதத்தையும் அவனிடம் கொடுத்துப் படிப்பிக்க நேர்கிறது. காலப்போக்கிற் பத்து வயதுப் பிள்ளை வைத்தியரிடம் தாய்க்கு மொழிபெயர்ப்பாளனாகிறது. தாய் தன் நோவைப் பிள்ளைக்கு மறைப்பாள். மறைத்ததை வைத்தியர் அறியார். இதனால் விளையும் தீங்கை விளக்கவும் வேண்டுமோ? 2005 ஆம் ஆண்டில் புதுக்குடிகள் பலருக்கு நோர்வீஜிய மொழிப் பயிற்சி உரிமையாகவும் கடமையாகவும் ஆக்கப்பட்டது. வீட்டு வேலையைக் காட்டி மனைவியை அவ்வகுப்பினின்று மறிக்கும் கணவன், அவளுடைய கண்களைக் கட்டிவிடுபவனாவான்.

குசினி பெண்ணுக்கே உரியதென்னும் எண்ணமும் அங்கு நிலைக்காது. 1993 இல் நோர்வே அரசு பிள்ளை பெற்ற தந்தைக்கென 4 வாரச் சம்பள விடுமுறையைத் தனியே ஒதுக்கியது. இன்று அது 15 வாரமாக உயர்ந்துள்ளது. ஊரிலே சோற்றுப்பானையைத் தொட்டறியாத ஆண்மகன் அங்கே குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறான். இதில் இழிவில்லை. மாமியும் ஆச்சியும் இல்லாத வீட்டில் அவர்களுடைய பங்கை வேறு யார் எடுப்பது?

வெளிநாட்டுச் சம்பந்தம் பேசும் பெற்றோர் மாப்பிள்ளையின் சம்பளத்தையும் சாதகத்தையும் விசாரிக்கின்றனர். இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்பது நலம். எம் பெண் அந்நாட்டு மொழியைக் கற்க நீர் இடங்கொடுப்பீரா? அவள் இருளில் தனித்திருக்கும் மாதங்களில் வீட்டுப் பாரத்தில் எப்பங்கு உமது? பெண்மக்களும் விமானமேறுமுன் அந்நாட்டு மொழியில் நூறு சொற்களையேனும் கற்றுக்கொள்வார்களாக. கொண்டுசெல்லும் நகையைப் பெட்டியிற் பூட்டி வைக்கலாம். கற்ற சொல்லோ முதல் நாளே கைகொடுக்கும்.