அழிக்க இயலாத ஏடு



கணிப்பொறியில் எழுதுவோருக்கு இந்நாளில் விநோதமான வசதி ஒன்று கிடைத்திருக்கிறது. கோஸ்ட்ரைட்டர் என்னும் இலவச மென்பொருளில் ‘ஹெமிங்வே முறை’ என ஒன்றுண்டு. அதைத் தெரிந்தெடுத்துவிட்டால் எழுத்தை அழிக்கும் விசைகள் செயலற்றுப் போகும். மேலே எழுதிக்கொண்டே போகலாம். எழுதியதைத் துடைக்க இயலாது. திருத்தமெல்லாம் வரைவு முடிந்த பின்னர்தான். இதைக் கேட்டதும் எனக்கு எழுத்தாணியின் நினைவு வந்தது.

பனையோலையைப் பதப்படுத்தி, அளவாக நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோப்பார்கள். இடக்கையில் ஏட்டைப் பிடித்து, அக்கையின் கட்டைவிரல் நகத்தில் ஆணியைத் தாங்கி எழுதுவது வழக்கம். அதற்கென்றே நகத்தை வளர்த்துப் பள்ளம் வெட்டிக்கொண்டவர்களும் உண்டு. பிறகு கரியையும் இலைச்சாற்றையும் தடவினால் எழுத்துத் துலங்கும். கீறிய கோடு கீறியதே, அழிப்பதற்கு வழியில்லை. பிழைத்த எழுத்தின்மேல் ஒரு கோடு கிழித்துவிட்டு அப்பால் செல்வார்கள். ஓலை பொத்துவிடும் என்று மெய்யெழுத்துக்கும் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். படிப்பவர்தாம் பொருளை நோக்கி நிரப்பிக்கொள்ள வேண்டும். திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்தில் இத்தகைய சுவடிகள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

இத்தகைய கருவியை வைத்துக்கொண்டு எவ்வாறு நூல் இயற்றினார்கள்? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) செய்யுளை மனத்திலேயே அமைத்து வாயால் சொல்லுவார். மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். 1871-இல் அவரிடம் பாடம் கேட்கச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர் இதை நேரில் கண்டு விரிவாக எழுதி வைத்திருக்கிறார். தலபுராணங்கள் பல இவ்வாறு பிறந்தவையே. பாடல் நடந்துகொண்டிருக்கையில் பின்னோக்கும் வேலைக்கு அங்கு இடமில்லை.

இதனால் தீங்கு விளையாமலும் இல்லை. படியெடுத்தவர் செய்த பிழை அடுத்த படியிலும் ஏறியது. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கச் சாமிநாதையர் எத்தனையோ சுவடிகளை ஒப்பிட்டு உழைக்க நேர்ந்தது. திருத்தம் வேண்டாதது என்று நான் சொல்லவில்லை. அது வேறொரு நாளின் வேலை. வேறொரு மனநிலையின் வேலை.

என் தொழில் மொழிபெயர்ப்பு. சுற்றறிக்கை ஒன்றின் முதல் வாக்கியத்தைப் பத்துத் தடவை அழித்து எழுதி, மாலையில் அந்த ஒரு வாக்கியத்தோடு வீடு திரும்பிய நாட்கள் எனக்கு உண்டு. கணிப்பொறி வருமுன் இந்தப் பெருமை எனக்குக் கிட்டியதில்லை! இப்பொழுது முற்பகலில் அழிக்காமல் எழுதுகிறேன், பிற்பகலில் திருத்துகிறேன்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதில் வேறொரு செய்தியும் இருக்கிறது. சித்தூர் மாவட்டத்தில் குப்பத்தை அடுத்த சாந்திபுரம் எங்கள் ஊர். அங்கே ஒரே சந்தையில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் கேட்கும். என் தமக்கையின் மகள் புனேயில் வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள். எழுதச் சொன்னாலோ மூன்றாம் சொல்லில் நின்றுவிடுவாள். “மாமா, இதற்குச் சின்ன ரகரமா, பெரிய றகரமா?” என்பாள். லகர ளகர ழகரம் வந்தால் காகிதமே கிழியும்படி அழிப்பாள். கடைசியில் கடிதம் எழுதப்படாமலே போகும். இவள் ஒருத்தியின் கதையன்று இது என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

சென்ற கோடையில் அவள் ஊருக்கு வந்தபோது பென்சிலையும் ரப்பரையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பேனாவைக் கொடுத்தேன். ஐயம் வந்த சொல்லின் கீழே கோடிட்டுவிட்டு மேலே எழுது என்றேன். அடுத்த மாதம் புனேயிலிருந்து அவள் பாட்டிக்குக் கடிதம் வந்தது. முழுதாக இரண்டு பக்கம், அடிக்கோடுகள் பதினான்கு. என் தாயார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடத்தில் அமர்ந்து அதை உரக்கப் படித்தார். ஓரிடத்திலும் தடுமாறவில்லை.