நடப்பவர்களுக்கு வராதா? கருப்பைப் புற்றுநோயும் ஒரு 21 சதவீதமும்

"நான்தான் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேனே, எனக்கு ஏன்டா அதெல்லாம் வரப்போகுது?" என்று போனில் கேட்டாள் அக்கா. மாதவிடாய் நின்று ஆறு வருடம் ஆகிவிட்டது. திடீரென்று இரண்டு நாள் ரத்தக்கசிவு. டாக்டரிடம் போகாமல் இருக்க அவளுக்குக் கிடைத்த சாக்கு, வாக்கிங். அந்தச் சாக்குக்கு எவ்வளவு பலம் என்று பார்க்க உட்கார்ந்தேன். (நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர்காரன். எண்களை நோண்டுவது பழக்கம், அவ்வளவுதான்.)

நான் சொல்வது கருப்பையின் உள்சுவரில் வரும் எண்டோமெட்ரியல் கேன்சர். நம் ஊரில் அதிகம் கேள்விப்படும் கருப்பை வாய்ப் புற்றுநோய் வேறு. அது வைரஸால் வருவது. இது பெரும்பாலும் ஹார்மோன் சமாச்சாரம்.

2016-ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அமெரிக்கா, ஐரோப்பாவின் 12 நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்து, 14.4 லட்சம் பேரின் தகவல். ஓய்வு நேரத்தில் அதிகமாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு, மிகக் குறைவாகச் செய்தவர்களைவிட இந்தப் புற்றுநோய் அபாயம் 21% குறைவு. அட, அக்கா சொன்னது சரிதான் போல என்று நினைத்தேன். ஆனால் உடல் எடையை, அதாவது பி.எம்.ஐ.யைக் கணக்கில் சேர்த்ததும், அந்த 21% கிட்டத்தட்டக் காணாமல் போய்விடுகிறது!

அப்போ நடப்பது வீணா? அப்படிச் சொல்லிவிட முடியாது. சர்வரில் கேஷ் போடுகிறோம். டேட்டாபேஸ் சுமை குறைகிறது, அதனால் பக்கம் வேகமாகத் திறக்கிறது. 'டேட்டாபேஸ் சுமை ஒரே அளவில் இருந்த நேரங்களை மட்டும் ஒப்பிடு' என்று கேட்டால், கேஷால் பயனே இல்லை என்றுதான் ரிப்போர்ட் வரும். உடற்பயிற்சி எடை வழியாகத்தான் வேலை செய்கிறது என்றால், எடையைச் சமன்செய்யும்போது அதன் பலனையும் சேர்த்துக் கழித்துவிடுகிறோம். ஆனால் இதைத் திருப்பியும் போடலாம்: ஒல்லியானவர்களுக்கு நடப்பது சுலபம், அதனால் நடக்கிறார்கள். இந்த மாதிரி ஆய்வால் இரண்டையும் முழுசாகப் பிரிக்க முடியாது.

எடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சினைப்பை ஓய்ந்த பிறகு ஈஸ்ட்ரோஜன் முக்கியமாகக் கொழுப்புத் திசுவில்தான் தயாராகிறது. அரோமடேஸ் என்ற நொதி செய்கிற வேலை. ஈஸ்ட்ரோஜன் உள்சுவரை வளரச் சொல்லும். பிரேக் போடும் புரொஜெஸ்டிரோன் அந்த வயதில் இல்லை. எடை கூடினால் இன்சுலினும் ஏறும், அதுவும் எண்ணெய் ஊற்றும். பி.எம்.ஐ. 40-க்கு மேல் போனால் அபாயம் சுமார் 7 மடங்கு. 2015-ல் 33 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது: உடற்பயிற்சியின் பலன் பி.எம்.ஐ. 25-க்கு மேல் உள்ளவர்களிடம் தெளிவாகத் தெரிந்தது, மற்றவர்களிடம் அனேகமாக இல்லை.

என் அக்கா ஒல்லி. அவள் சாக்கு அங்கேயே பாதி உடைந்தது. மீதியை வேறு இரண்டு எண்கள் உடைத்தன. மாதவிடாய் நின்றபின் கசிவு வரும் 100 பெண்களில் சுமார் 9 பேருக்குத்தான் இந்தக் கேன்சர். ஆனால் அந்த வயதில் இந்தக் கேன்சர் வந்தவர்களில் 10-க்கு 9 பேருக்குக் கசிவு இருந்திருக்கிறது. நடந்தாலும் நடக்காவிட்டாலும், உடம்பு கொடுக்கிற அலாரம் அதுதான்.

இதைப் போனில் படித்துக் காட்டினேன். திட்டிக்கொண்டே போனாள். ஸ்கேனில் உள்சுவர் 3 மி.மீ. இருந்தது, 4-க்கு மேல் போகாதவரை கேன்சருக்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு, மறுபடி கசிந்தால் தள்ளிப்போடாமல் வாங்க என்று டாக்டர் சொன்னாராம். வாக்கிங்கை நிறுத்தவில்லை.