உஷார்! உங்கள் அசைன்மெண்டில் இல்லாத புத்தகம் இருக்கலாம்

முதல் அசைன்மெண்ட் கொடுத்துவிட்டார்களா? "கடைசிப் பக்கத்தில் துணைநூற்பட்டியல் கட்டாயம்" என்று பேராசிரியர் சொல்லியிருப்பார். பிளஸ் டூ வரை பாடப்புத்தகத்தையும் கைடையும் தாண்டாத பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். செல்போனை எடுத்து, "இந்தத் தலைப்புக்குப் பத்து ரெஃபரன்ஸ் கொடு" என்று சாட்ஜிபிடியிடம் கேட்கிறார்கள். அரை நிமிடத்தில் பத்தும் வந்து விழுகிறது. ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். அப்படியே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்! அவற்றில் சில, எந்த நூலகத்திலும் இல்லாதவையாக இருக்கலாம்.

வக்கீல்களே ஏமாந்தார்கள்

2023-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் நடந்தது இது. ஏவியாங்கா விமான நிறுவனத்தின் மீது வழக்குப் போட்ட பயணிக்காக ஆஜரான வழக்கறிஞர்கள், பழைய தீர்ப்புகள் சிலவற்றை மேற்கோள் காட்டியிருந்தார்கள். எதிர்த்தரப்பு தேடியது, கிடைக்கவில்லை. நீதிபதி தேடினார், அவருக்கும் கிடைக்கவில்லை. அத்தனையும் சாட்ஜிபிடி தானாகப் புனைந்தவை. "இவை நிஜ வழக்குகள்தானா?" என்று அவர்களில் ஒரு வழக்கறிஞர் சாட்ஜிபிடியிடமே கேட்டிருக்கிறார். "ஆமாம்" என்று பதில் வந்திருக்கிறது. அதை நம்பியதற்கு 5,000 டாலர் அபராதம்! சந்தேகம் வந்தால், பட்டியல் கொடுத்த இடத்திலேயே போய்க் கேட்காதீர்கள். வேறிடத்தில் சரிபாருங்கள்.

போலியை எப்படிப் பிடிப்பது?

போலி எப்போதும் முழுப் பொய்யாக வருவதில்லை. ஆசிரியர் நிஜமான ஆள், இதழும் நிஜமான இதழ், கட்டுரைத் தலைப்பு மட்டும் பொய்யாக இருக்கும். அதனால்தான் பார்த்தவுடன் நம்பத் தோன்றுகிறது.

ஆய்விதழ்க் கட்டுரை என்றால் டிஓஐ எண் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுரைக்குத் தரப்படும் தனி அடையாள எண் அது, 10 என்று தொடங்கும். டிஓஐ டாட் ஓஆர்ஜி தளத்தில் அதை அப்படியே போடுங்கள். ஒன்றும் வராவிட்டாலோ, வேறு கட்டுரை திறந்தாலோ அந்த வரியை அடித்துவிடுங்கள். டிஓஐ இல்லாத பழைய கட்டுரை என்றால், அந்த இதழின் அந்த ஆண்டுத் தொகுதியை எடுத்துப் பொருளடக்கத்தைப் பாருங்கள்.

புத்தகம் என்றால் கல்லூரி நூலகத்தின் ஓபேக் எனும் கணினி நூற்பட்டியலில் தேடுங்கள். அங்கே இல்லாததாலேயே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். சென்னை கன்னிமாரா நூலகம், இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று; அங்கேயும் தேடிப் பாருங்கள். பழைய தமிழ் நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

ஓபேக்கில் புத்தகம் கிடைத்தால் அதன் வகைப்பாட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு அலமாரிக்குப் போங்கள். டூயி வகைப்பாட்டு முறையைப் பின்பற்றும் நூலகத்தில் தமிழ் இலக்கியம் 894.811-ல் இருக்கும். தேடிய புத்தகத்துக்கு இரண்டு பக்கமும் அதே பொருளில் வேறு புத்தகங்கள் நிற்கும். நீங்கள் கேட்காமலேயே கிடைக்கும் நிஜ ரெஃபரன்ஸ் அவை! புத்தகத்தைத் திறந்ததும் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். முதல் பதிப்பு எந்த ஆண்டு, கையில் இருப்பது எத்தனையாவது பதிப்பு என்பது அங்கே இருக்கும். மறுபதிப்பு ஆண்டை முதல் பதிப்பின் ஆண்டாக எழுதினால் உங்கள் வாதமே தலைகீழாகிவிடலாம்.

ரெடிமேட் ப்ராஜெக்ட், காசு வாங்கும் இதழ்

இன்னும் இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. ஒன்று, காசு கொடுத்தால் கையில் தரும் ரெடிமேட் ப்ராஜெக்ட். ஒரே ப்ராஜெக்டைப் பலருக்கும் விற்கிறார்கள், காப்பியைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் பிடித்துவிடும். யுஜிசியின் 2018 விதிகளின்படி, ஆய்வேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஒப்புமை இருந்தால் நடவடிக்கை உண்டு. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். முதலாண்டிலேயே காப்பியடித்துப் பழகிய கை, ஆய்வேட்டில் மட்டும் திருந்திவிடுமா?

இரண்டாவது, "பணம் கட்டுங்கள், மூன்றே நாளில் சர்வதேச இதழில் உங்கள் கட்டுரை" என்று வரும் மெயில். முறையான இதழில் துறை வல்லுநர்கள் கட்டுரையைப் படித்துக் குறை சொல்லி, திருத்தம் கேட்டு, அதன்பிறகுதான் வெளியிடுவார்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். மூன்று நாளில் அச்சாகிறது என்றால் யாரும் படிக்கவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட இதழில் எழுதாதீர்கள், அதிலிருந்து மேற்கோளும் காட்டாதீர்கள்.

நூலகரிடம் கேளுங்கள்

பல கல்லூரிகள் என்-லிஸ்ட் திட்டத்தில் சேர்ந்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான மின்னிதழ்களும் லட்சக்கணக்கான மின்னூல்களும் அதில் உண்டு. உங்களுக்கு வேண்டியது ஒரு யூசர் ஐடி, அவ்வளவுதான். நூலகரிடம் கேட்டால் கிடைக்கும். கேட்காததால் மூன்று வருடமும் அதைத் தொடாமலேயே போகிறவர்கள் ஏராளம்! இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைப் படிக்க ஷோத்கங்கா இருக்கிறது. அது யாருக்கும் இலவசம்.

கூச்சப்படாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை நூலகம் மிச்சப்படுத்த வேண்டும் என்பது. உங்களுக்கு வழிகாட்டத்தான் நூலகர் அங்கே இருக்கிறார்.

இந்த வாரமே நூலக அட்டையையும் என்-லிஸ்ட் ஐடியையும் வாங்கிவிடுங்கள். நீங்கள் திறந்து பார்க்காத எதையும் பட்டியலில் எழுதாதீர்கள். பார்க்காத இருபதை விட, படித்த நான்கு போதும். "இதில் என்ன இருக்கிறது?" என்று வைவாவில் கேட்டால், அந்த நான்கைப் பற்றி உங்களால் தைரியமாகப் பேச முடியும்.