சார்மினார் நகரில் ஒரு காமிரா என்ஜினீயர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐதராபாத் சார்மினார் பக்கம் போனால், காமிராவும் கையுமாக மாணவர்கள் நிற்பதைக் காணலாம். ஒருவர் அண்ணாந்து பார்த்து மினார்களைப் படம் பிடிப்பார். இன்னொருவர் லாட் பஜாரில் வளையல் கடைக்காரரின் முகத்தைப் பிடிப்பார். அடுத்த வாரம் அவர்களே கோல்கொண்டா கோட்டையில் நிழலையும் வெளிச்சத்தையும் துரத்திக்கொண்டிருப்பார்கள். இங்குள்ள ஜவாகர்லால் நேரு கட்டிடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகத்தில் புகைப்படக் கலை பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது.

"ஒரு நாள் கோபுரம், ஒரு நாள் குருவி. எதிலும் நிலையாக நிற்க மாட்டேன் என்கிறானே! இதெல்லாம் சோறு போடுமா?" என்று கவலைப்படும் பெற்றோர்கள் உண்டு. நியாயமான கவலைதான். அதற்கு விடை தேட வெகு தூரம் போக வேண்டியதில்லை. செகந்திராபாத்தில் ஸ்டூடியோ நடத்திய ராஜா தீன் தயாளின் வாழ்க்கையைப் பார்த்தாலே போதும்.

முப்பது வயதில் மாணவர்

தீன் தயாள் ஐதராபாத்காரர் அல்ல. 1844-ல் மீரட் அருகே உள்ள சர்தானா என்ற ஊரில் பிறந்தவர். ரூர்க்கியில் இருந்த தாம்சன் என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தார். இன்றைய ரூர்க்கி ஐ.ஐ.டி. அதிலிருந்து வளர்ந்ததுதான். படிப்பு முடிந்ததும் இந்தூரில் பொதுப்பணித் துறையில் வேலை கிடைத்தது. கட்டிடங்களுக்கு மதிப்பீடு போடுவதும் வரைபடம் வரைவதும் அவரது பணி. நிலையான சர்க்கார் சம்பளம்!

1874-ம் ஆண்டு வாக்கில், ஏறக்குறைய முப்பது வயதில், அவர் காமிராவைக் கையில் எடுத்தார். இந்தூர் மகாராஜா இரண்டாம் துக்கோஜி ராவ் அவரை ஊக்குவித்தார்.

அந்த நாளில் படம் எடுப்பது இன்று கைபேசியைத் தட்டுவது போல அல்ல. கண்ணாடித் தகட்டில் ரசாயனக் கரைசலைப் பூச வேண்டும். ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்தில் கழுவ வேண்டும். சில நிமிடம் தாமதித்தால் தகடு வீண். பெரிதாக்கும் வசதியும் சுலபமாக இல்லை. தகடு என்ன அளவோ, படமும் அதே அளவு. பெரிய படம் வேண்டுமானால் பெரிய தகட்டைச் சுமந்து போக வேண்டியதுதான்.

தமிழ்நாட்டில் அதற்கு முன்பே இப்படிப் பாடுபட்டவர் உண்டு. சென்னை அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, 1858-ல் தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார்.

கட்டிடம் கற்பித்த பாடம்

தீன் தயாளுக்கு முதலில் கைகொடுத்தவை கட்டிடங்களே. வரைபடம் போட்டுப் பழகிய கண் அல்லவா? தூண் சாயாமல், கோடு கோணாமல் எடுக்கத் தெரிந்தது. 1882-ல் லெப்பல் கிரிஃபின் என்ற ஆங்கில அதிகாரியுடன் மத்திய இந்தியாவில் சுற்றிப் பழைய கோட்டைகளையும் கோவில்களையும் படம் பிடித்தார். அந்தப் படங்கள் 1886-ல் புத்தகமாக வந்தன.

ஆனால் அவர் கட்டிடத்தோடு நின்றுவிடவில்லை. வைசிராய்களையும் மகாராஜாக்களையும் உட்கார வைத்து எடுத்தார். ராணுவ ஒத்திகை, வேட்டை முகாம் என்று எதையும் விடவில்லை. கல்தூண் அசையாது, ஆனால் மனிதன் கண் சிமிட்டுவான், குதிரை தலையை ஆட்டும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கைப்பழக்கம் வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. காமிராவைத் தொட்ட உடனே அவர் வேலையை உதறிவிடவில்லை. பத்து ஆண்டுக்கு மேல் உத்தியோகத்தையும் காமிராவையும் சேர்ந்தே சுமந்தார். 1880-களின் நடுவில்தான் நீண்ட விடுப்பு எடுத்தார். கை நன்றாகப் பழகி, தொழில் நிலைத்த பிறகே சர்க்கார் வேலையை விட்டார். நாற்பது வயதைத் தாண்டிய குடும்பஸ்தர் எடுத்த முடிவு அது!

நிஜாமின் ஊரில்

செகந்திராபாத்தில் ஸ்டூடியோ எழுந்தது. ஆறாம் நிஜாம் மகபூப் அலிகான் அவரை அரண்மனைப் புகைப்படக் கலைஞராக்கினார். 1894-ல் 'ராஜா பகதூர் முசவ்விர் ஜங்' என்ற பட்டமும் கிடைத்தது. 'முசவ்விர்' என்றால் சித்திரம் தீட்டுபவர் என்று பொருள்.

பட்டம் வந்த பிறகும் சோதனைகள் ஓயவில்லை. கோஷா முறை இருந்த ஊரில் பெண்கள் ஆண் புகைப்படக்காரர் முன் எப்படி வருவார்கள்? அதற்காக 1892-லேயே பெண்களுக்கென்று தனி ஸ்டூடியோ திறந்திருந்தார். படம் எடுத்தவரும் ஒரு பெண்மணியே. பலக்நுமா அரண்மனையின் கூடங்களையும் படமாக்கினார். பஞ்ச காலத்தில் ஔரங்காபாத் பகுதியில் நடந்த நிவாரண வேலைகளையும் இதே ஸ்டூடியோ பதிவு செய்தது. மாளிகையின் சரவிளக்குகளைப் படம் பிடித்தவரிடமிருந்தே பசித்தவர்களின் படமும் வந்தது.

அவர் 1905-ல் பம்பாயில் காலமானார். அவரது ஸ்டூடியோவின் கண்ணாடித் தகடுகளில் 2,857 தகடுகளை டில்லியில் உள்ள இந்திரா காந்தி தேசிய கலை மையம் 1989-ல் வாங்கிப் பாதுகாத்தது. 2006-ல் அவர் நினைவாகத் தபால் தலையும் வெளிவந்தது.

பலவற்றை எடுத்துப் பார்ப்பது அலைச்சல் அல்ல, பயிற்சிதான் என்பதற்கு அந்தத் தகடுகளே சாட்சி. வரைபடம் கற்றுத் தந்த நேர்கோடு கட்டிடப் படத்துக்கு உதவியது. கட்டிடம் கற்றுத் தந்த பொறுமை மனித முகத்துக்கு உதவியது. எந்தப் படிப்பும் வீணாகவில்லை.

காமிராவோடு திரியும் பிள்ளையை 'ஒன்றிலே நில்' என்று அவசரப்படுத்த வேண்டாம். 'போன வாரம் எடுத்ததில் என்ன கற்றாய்?' என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளும் கைப்பிடிப்பு ஒன்றை விடாமல் வைத்துக்கொண்டு கலையில் இறங்கட்டும். தீன் தயாள் பத்து ஆண்டு பொறுத்தார். அதன் பிறகு அவருக்குச் சோறு போட்டது காமிராதான்!