நாளை எத்தனை கன அடி? மேட்டூர் நீர்வரத்தும் ஆர் மொழியும்

மேட்டூர் அணை என்றதும் சேலம் மாவட்டம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அணை நிரம்பினால் தண்ணீர் ஏறுவது தருமபுரி மாவட்டம் ஏரியூர்ப் பக்கத்துக் கரைகளில். நாகமரையில் பரிசல் எங்கே நிற்கும், நீர் வற்றிய நிலத்தில் விதைத்த பயிர் அறுவடைவரை தப்புமா என்பதெல்லாம் நீர்மட்டத்தைப் பொறுத்தது. அந்த மட்டமும் வரத்தும் திறப்பும் அன்றாடம் நாளிதழில் வருகின்றன. இயந்திரக் கற்றல் பழக விரும்பும் இவ்வூர் மாணவருக்கு இதைவிட நல்ல தரவு வேண்டுமா? பயிற்சி நூல்கள் பலவும் 1936இல் ஃபிஷர் ஆராய்ந்த 150 ஐரிஸ் பூக்களின் அளவுகளைக் கொடுக்கின்றன. அந்தப் பூவை இங்கே யார் பார்த்தார்கள்?

கருவி, 'ஆர்' என்னும் புள்ளியியல் மொழி. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது, 1.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29இல் வந்தது. காசு கிடையாது. நேர்கோடு பொருத்த 'எல்எம்', குழு பிரிக்க 'கேமீன்ஸ்', முடிவு மரத்துக்கு 'ஆர்பார்ட்' எல்லாம் வழக்கமாக அதனுடனேயே வந்துவிடும். லியோ பிரைமன் 2001இல் முன்வைத்த, பல முடிவு மரங்களின் சராசரியை எடுக்கும் ரேண்டம் ஃபாரஸ்டுக்கு ஒரு தொகுப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். எதுவானாலும் ஒரே வரிதான்.

அந்த ஒரு வரிக்கு முன்னால் எதைக் கணிக்கிறோம் என்று முடிவுசெய்ய வேண்டும். நாளைய நீர்மட்டத்தைக் கணிக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். வேண்டாம். 'இன்றைய மட்டமே நாளைக்கும்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பெரும்பாலான நாள்களில் சரியாக இருக்கும். அதில் கிடைக்கும் 99 சதவீதப் பெருமைக்குப் பொருளில்லை. தவிர, விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் 1 டிஎம்சி. வரத்திலிருந்து திறப்பைக் கழித்தாலே இருப்பு எவ்வளவு மாறும் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். கழித்தல் கணக்குக்கு இயந்திரம் எதற்கு? தெரியாதது நாளைய வரத்து. மத்திய நீர்வள ஆணையம் பிலிகுண்டுலுவில் அளக்கும் இன்றைய ஓட்டமும், இன்றைய மழையளவும் அதற்குத் துப்பு. பிலிகுண்டுலுவைத் தாண்டிய பிறகும் ஒகேனக்கல்லில் சின்னாறு வந்து கலக்கிறதே, அதனால்தான் மழை.

எளிய வழிமுறையான 'அண்டை நாள்கள்' முறையை, அதாவது கேஎன்என்னை, தொகுப்பு இல்லாமல் கையாலேயே எழுதிப் பார்க்கலாம். பழைய நாள் ஒவ்வொன்றின் ஓட்டத்தையும் மழையையும் இன்றைய அளவிலிருந்து கழி, வர்க்கப்படுத்திக் கூட்டு, 'ஆர்டர்' கட்டளையால் வரிசைப்படுத்து, மிக நெருங்கிய ஐந்து நாள்களுக்கு மறுநாள் வந்த வரத்தின் சராசரியை எடு. நாலைந்து வரிக்குள் முடிந்துவிடும். ஆனால் ஓட்டம் ஆயிரக்கணக்கான கன அடி, மழையோ சில மில்லிமீட்டர். அப்படியே கூட்டினால் மழை இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். எனவே 'ஸ்கேல்' கட்டளையால் இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். மழை பெய்தால் ஓட்டமும் கூடும் என்ற உறவையும் சேர்த்துத் தொலைவை அளக்கும் முறையைக் கொல்கத்தாவின் மகலனோபிஸ் 1936இல் வெளியிட்டார். அவர் பெயரிலேயே ஆரில் ஒரு கட்டளை இருக்கிறது.

அடுத்தது சோதனை. நாள்களைக் குலுக்கிப்போட்டு, முக்கால் பங்கைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் வைக்கச் சொல்வார்கள். ஆற்றுக் கணக்கில் அது ஏமாற்று வேலை. செவ்வாயும் வியாழனும் பயிற்சியில் இருந்தால், புதனைச் சொல்லப் புத்தி வேண்டியதில்லை. பழைய ஆண்டுகளில் பழக்கி, புதிய ஆண்டில் சோதிப்பதுதான் நேர்மை.

சோதிக்க 2024 ஜூலையைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். மாதத் தொடக்கத்தில் 40 அடி அளவில் இருந்த மட்டம், மாதக் கடைசியில் முழு மட்டமான 120 அடியைத் தொட்டது. வழிமுறைகளின் குணம் இத்தகைய வெள்ளத்தில்தான் வெளிப்படும். ரேண்டம் ஃபாரஸ்டும் கேஎன்என்னும் பழைய நாள்களின் சராசரியைத்தான் சொல்கின்றன. பயிற்சியில் கண்ட மிகப் பெரிய வரத்துக்கு மேல் ஒரு கன அடிகூட அவற்றின் வாயிலிருந்து வராது. நேர்கோட்டுக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் அது கண்ணுக்கெட்டாத தூரத்துக்கும் தயங்காமல் நீளும். ஆண்டுச் சராசரிப் பிழையை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது, ஏனென்றால் ஆண்டின் பெரும்பகுதி ஆறு அமைதியாகத்தான் ஓடுகிறது.

கரையில் இருப்பவருக்கு இரண்டு பிழைகளும் சமமல்ல. கூடுதலாகச் சொன்னால் ஒரு நாள் பரிசல் ஓடாது. குறைவாகச் சொன்னால் ஆபத்து. 'எல்எம்' இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும். 'குவாண்ட்ரெக்' என்ற தொகுப்பில் 0.9 என்று கொடுத்தால், பழக்கிய நாள்களில் சுமார் பத்துக்கு ஒன்பது நாள் உண்மையான வரத்து கோட்டுக்குக் கீழே அடங்கும்படி அது கோட்டைப் பொருத்தித் தரும். நாகமரைக்குத் தேவை அந்தக் கோடு.